வகுப்பின் பின்வரிசையில் ஒருவர்: அஜைல் பயிற்சியாளர்களை வளர்த்தெடுக்கும் மென்டரிங் பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஐ.டி. வேலையில் இருப்பவர்களில் பலர் ஸ்க்ரம் மாஸ்டர் (குழு ஸ்க்ரம் முறையில் வேலை செய்ய உதவுபவர்) சான்றிதழுக்காக இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். சுவரெல்லாம் ஸ்டிக்கி நோட், மேசைக்கு ஐந்தாறு பேர், நடுவில் ஒரு பயிற்சியாளர். சில வகுப்புகளில் பின்பக்கம் இன்னொருவரும் நோட்டுப் புத்தகத்தோடு இருப்பார். அவ்வப்போது எழுந்து வந்து ஒரு பகுதியை நடத்துவார், பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் யார் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அவர் பயிற்சியாளர் ஆகும் வழியில் இருப்பவர். அவரை அந்த வழியில் கூட்டிக்கொண்டு போகிறவரே மென்டர். பெரும்பாலும் அந்த வகுப்பை நடத்துகிற பயிற்சியாளர்தான் அந்த மென்டராகவும் இருப்பார். இவர்கள் இருவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் புதியவர்களுக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் பின்னணி. அஜைல் என்பது மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்து, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகும் வேலைப் போக்கு. அப்படி வேலை செய்வதற்கான முறைகளில் ஒன்று ஸ்க்ரம். அஜைல் அறிக்கை 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதியது. ஸ்க்ரம் அதைவிட மூத்தது. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995இலேயே ஒரு மாநாட்டில் அதை முன்வைத்துவிட்டார்கள். பிறகு ஸ்க்ரம் அலையன்ஸ் என்ற அமைப்பு உருவானது. 2009இல் ஷ்வேபர் அதிலிருந்து விலகி ஸ்க்ரம்.ஆர்க் தொடங்கினார். இன்று இரண்டு அமைப்புகளும் தனித்தனியே சான்றிதழ் தருகின்றன, பயிற்சியாளர்களையும் தனித்தனியே அங்கீகரிக்கின்றன. கான்பன், சேஃப் போன்ற வேறு அஜைல் முறைகளுக்கும் தனித்தனிப் பயிற்சியாளர் பட்டங்கள் உண்டு. இங்கே நான் எடுத்துக்கொள்வது ஸ்க்ரம் அலையன்ஸின் 'சர்டிஃபைடு ஸ்க்ரம் டிரெய்னர்' பட்டத்தை. சுருக்கமாக சி.எஸ்.டி.

இதை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. ஸ்க்ரம்.ஆர்க்கின் முதல் நிலைத் தேர்வை வகுப்புக்கே போகாமல் எழுதலாம்: 60 நிமிடத்தில் 80 கேள்விகள், 85 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஸ்க்ரம் அலையன்ஸின் சி.எஸ்.எம். (சர்டிஃபைடு ஸ்க்ரம் மாஸ்டர்) சான்றிதழுக்கு வகுப்பு கட்டாயம். அதன் தேர்வில் 50 கேள்விகளுக்கு 37 சரியாக இருந்தால் போதும், வகுப்பைக் கவனித்தவருக்கு அது பெரிய மலை இல்லை. ஆகவே அங்கே ஒருவர் எதைக் கற்றுக்கொண்டு வெளியே வருகிறார் என்பது பெருமளவுக்குப் பயிற்சியாளரின் கையில் இருக்கிறது. பயிற்சியாளர் சுமாராக இருந்தால், சான்றிதழோடு சுமாரான புரிதலும் கூடவே போகும்.

சி.எஸ்.டி. ஆவதற்கான வழி நீளமானது. அடிப்படைச் சான்றிதழுக்குப் பிறகு ஓராண்டு அனுபவத்தோடு அட்வான்ஸ்டு நிலை, இரண்டாண்டு அனுபவத்தோடு புரொஃபஷனல் நிலை. அதற்கு மேல், ஏற்கெனவே சி.எஸ்.டி. ஆக இருப்பவர்களோடு சேர்ந்து வகுப்பு நடத்தியிருக்க வேண்டும், அவர்களுடைய பரிந்துரை வேண்டும், கடைசியில் சக பயிற்சியாளர்களின் மதிப்பீட்டைத் தாண்ட வேண்டும். நுணுக்கமான நிபந்தனைகள் அவ்வப்போது மாறுகின்றன, விண்ணப்பிக்கும்போது அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று கவனியுங்கள்: பொதுவாக சி.எஸ்.டி. ஆகாதவர் தனியாக சி.எஸ்.எம். வகுப்பு நடத்த முடியாது. நடத்திய அனுபவம் இல்லாதவர் சி.எஸ்.டி. ஆகவும் முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு மென்டர் தன் வகுப்பின் கதவைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது.

பத்து வருட அனுபவசாலிக்கு எதற்கு மென்டர்?

ஸ்க்ரம் மாஸ்டராகப் பத்து வருடம் இருந்தவருக்கு ஸ்க்ரம் தெரியும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கு அது தெரிந்து வெகுநாள் ஆகிவிட்டது. தெரியாமல் இருந்தபோது எப்படி இருந்தது என்பது மறந்துவிட்டது. 'பேக்லாக்' என்ற சொல்லை முதன்முதலில் கேட்பவர் அதை 'பாக்கி வேலை' என்று எடுத்துக்கொள்வார், தாமதமாகிப்போன வேலைகளின் பட்டியல் என்று நினைப்பார். ஸ்க்ரமில் அது இனி செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்திய பட்டியல். அனுபவசாலிக்கு இந்தக் குழப்பம் கண்ணிலேயே படாது.

ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கு நன்னூல் நான்கு உவமைகள் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூல், ஆனால் அஜைல் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தால் நான்கு பேரையும் பார்க்கலாம். கழற்குடம் என்பது கழற்சிக்காய் நிரப்பிய குடம். கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது, முன்னும் பின்னுமாகக் கொட்டும். ஸ்பிரிண்ட் (குழு வேலை செய்யும் குறுகிய காலச் சுற்று) என்றால் என்ன என்று கேட்ட புதியவரிடம், இடையில் வெலாசிட்டி (ஒரு ஸ்பிரிண்டில் குழு முடிக்கும் வேலையின் அளவு), பெரிய நிறுவனங்களில் பத்து குழு சேர்ந்து வேலை செய்வது என்று எல்லாவற்றையும் கொட்டுபவர் இந்த வகை. மடற்பனை, கருக்கு மட்டையோடு நிற்கும் பனை. தானாகப் பழம் விழுந்தால் உண்டு, ஏறிப் பறிக்க விடாது. கேள்வி கேட்டால் முகம் சுருங்குகிற பயிற்சியாளர் இவர். பருத்திக் குண்டிகை, பஞ்சு அடைத்த குடுக்கை. எவ்வளவோ உள்ளே இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். முடத்தெங்கு, ஒருவர் தண்ணீர் ஊற்ற, வளைந்து போய் அடுத்த வீட்டுக்குக் காய் கொடுக்கும் தென்னை. முன்மேசையில் வாய் திறந்து பேசும் இரண்டு பேருக்கே வகுப்பு முழுவதும் போய்ச் சேர்வது இப்படித்தான். பணம் கட்டிய மற்ற இருபது பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

இந்த நால்வரில் யாருக்கும் பாட அறிவு குறைவில்லை. நால்வருக்கும் எதிரில் இருப்பவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். பயிற்சியாளர் ஆக வருபவரின் கண்ணைத் தன்மேலிருந்து கற்பவர்மேல் திருப்புவதே மென்டரின் வேலை என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மென்டர், கோச் இரண்டும் ஒன்றா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கோச் கேள்வி கேட்பார், விடையை உங்களிடமிருந்தே வரவழைப்பார். உங்கள் வேலை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மென்டர் அதே வழியில் நடந்தவர். எங்கே பள்ளம், எங்கே வழுக்கும் என்று தன் காலில் பட்டதைச் சொல்வார். நடைமுறையில் நல்ல மென்டர் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வார். வகுப்புக்கு முந்தைய நாள் இரவு பதற்றத்தில் போன் செய்பவரிடம் போய், 'உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' என்று திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நேரத்தில் நேரான பதில்தான் உதவி.

இரட்டை பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். சேர்ந்து வகுப்பு நடத்துவது அது மாதிரி. பணம் கட்டி வந்தவர்களின் நேரம் வீணாகிவிடக் கூடாது, அதனால் மென்டர் பிரேக்கில் காலை வைத்திருக்க வேண்டும். ஆனால் எடுத்ததற்கெல்லாம் மிதித்தால் ஓட்டுபவர் ஓட்டக் கற்றுக்கொள்ளவே மாட்டார்.

முதல் வகுப்பில், பயிற்சியாளர் ஆக வருபவர் வெறுமனே பார்க்கட்டும். பார்ப்பது என்றால் பாடத்தைப் பார்ப்பது இல்லை, அது அவருக்குத் தெரியும். பயிற்சியாளர் எப்போது நடந்தார், எப்போது நின்றார், எந்தக் கேள்வியைத் தானே எடுத்துக்கொண்டார், எதை வகுப்பிடமே திருப்பிவிட்டார் என்று பார்ப்பது. அடுத்த வகுப்பில் 40 நிமிடத்துக்கு ஒரு பகுதி. அப்புறம் அரை நாள். கடைசியில் இரண்டு நாளில் பெரும்பகுதியை அவர் நடத்த, மென்டர் பின்வரிசைக்குப் போய்விட வேண்டும். எத்தனை வகுப்பில் இது நடக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே மென்டரோடு நின்றுவிடாமல் மூன்று நான்கு பேரோடு சேர்ந்து நடத்துவது நல்லது. இல்லாவிட்டால் மென்டரின் நகைச்சுவை, கை அசைவு, அவருடைய தவறான பழக்கம் எல்லாம் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

பின்வரிசையில் இருக்கும்போது நான் ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்வேன். முதல் பத்தியில் நேரம். இரண்டாவதில் பயிற்சியாளர் சொன்னது. மூன்றாவதில் வந்தவர்கள் செய்தது. '10.40. ப்ராடக்ட் ஓனர் பொறுப்பு பற்றி விளக்கம். நான்காவது மேசையில் இரண்டு பேர் லேப்டாப்பைத் திறந்தார்கள்.' இப்படித்தான் எழுதுவேன். 'போரடித்தது' என்று எழுத மாட்டேன், அது என் கருத்து. லேப்டாப் திறந்தது நடந்த விஷயம். வகுப்பு முடிந்த பிறகு அந்த மூன்றாவது பத்தியைக் காட்டி, 'இந்த இடத்தில் என்ன நடந்திருக்கும்?' என்று கேட்டால் போதும். பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார்: 'பன்னிரண்டு நிமிடமாக நானே பேசிக்கொண்டிருந்தேன், இல்லையா?'

இந்த உரையாடலை அன்று மாலையே வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வகுப்பு முடிந்த அடுத்த நிமிடம் வேண்டாம். இரண்டு நாள் நின்று பேசிய களைப்பில் இருப்பவருக்கு எதைச் சொன்னாலும் உறைக்காது, அல்லது அளவுக்கு மீறி உறைக்கும். ஒரு டீ குடித்துவிட்டு ஆரம்பிக்கலாம். முதலில் அவர் பேசட்டும். பிறகு மென்டர் இரண்டு விஷயம் சொல்லட்டும், மூன்றுக்கு மேல் போகக் கூடாது. நான் ஆரம்ப காலத்தில் பதினேழு குறிப்பு எழுதி வைத்து, பதினேழையும் ஒரு தோழியிடம் வரிசையாக வாசித்தேன். அடுத்த வகுப்பில் அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். வகுப்பில் இருந்தவர்களைப் பார்க்கவே இல்லை. அந்தத் தவறு என்னுடையது. அதைச் சரிசெய்ய இரண்டு வகுப்பு பிடித்தது.

நாணயம் திருப்பும் விளையாட்டு

ஒரு சிறு பகுதியை மென்டர் எப்படிப் பார்க்கிறார் என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்லலாம். அஜைல் வகுப்புகளில் பரவலாக நடக்கும் விளையாட்டு இது. 20 ஒரு ரூபாய் நாணயங்கள், வரிசையாக நான்கு பேர். ஒவ்வொருவரும் எல்லா நாணயங்களையும் ஒரு கையால் திருப்பி அடுத்தவருக்குத் தர வேண்டும். முதல் சுற்றில் இருபதையும் திருப்பி முடித்த பிறகே மொத்தமாகத் தள்ளலாம். இரண்டாவது சுற்றில் ஐந்து ஐந்தாக. மூன்றாவதில் ஒவ்வொன்றாக. ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஒருவர் நேரம் பார்ப்பார். கடைசியில் நிற்கும் 'வாடிக்கையாளர்' முதல் நாணயம் எப்போது வந்தது, கடைசி நாணயம் எப்போது வந்தது என்று குறிப்பார்.

முடிவு அழகானது. தொகுதி சிறிதாகச் சிறிதாக, வேலை செய்யும் ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளும் நேரம் பெரும்பாலும் கூடும். வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரமோ வெகுவாகக் குறையும். ஆளாளுக்கு எவ்வளவு வேகம் என்று அளப்பதும், வாடிக்கையாளர் கைக்குப் பொருள் எப்போது போய்ச் சேர்ந்தது என்று அளப்பதும் வேறு வேறு என்பது பலகையில் எண்களாக நிற்கும்.

புதிதாக நடத்துபவர் விளையாட்டைச் சுத்தமாக நடத்திவிடுவார். எண்களைப் பலகையில் எழுதுவார். உடனே வகுப்பைப் பார்த்துத் திரும்பி, 'பார்த்தீர்களா, இதுதான் சிறு தொகுதியின் பலன்!' என்பார். வகுப்பு தலையாட்டும். அங்கேதான் பிழை. அந்தக் கண்டுபிடிப்பு வகுப்புக்கு உரியது, அதை நடத்துபவர் எடுத்துக்கொண்டுவிட்டார். எண்களை எழுதிவிட்டு, 'என்ன பார்க்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பத்து விநாடி மௌனம். நடத்துபவருக்கு அது பத்து நிமிடம் போல இருக்கும். ஏழாவது எட்டாவது விநாடியில் யாராவது ஒருவர் மெதுவாக, 'எனக்கு நேரம் கூடியிருக்கிறது, ஆனால் மொத்தம் குறைந்திருக்கிறதே?' என்பார். இன்னொருவர், 'எங்கள் டீமில் ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் டெஸ்டிங்குக்கு அனுப்புகிறோம்' என்பார். வகுப்பு அங்கே தொடங்குகிறது.

மௌனத்தைத் தாங்குவது எப்படி என்பதை எந்த ஸ்லைடும் சொல்லித்தராது. மென்டர் பின்னாலிருந்து விரல்விட்டு எண்ணுவதை நடத்துபவர் பார்க்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். சிறு விஷயம், ஆனால் நான் கண்டதில் இதைப்போல் பலன் தந்தது வேறொன்றில்லை.

விதி, வழக்கம், என் அனுபவம்

ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் வழிகாட்டி மிகச் சிறியது. 2020 நவம்பரில் வந்த பதிப்பு பதினைந்து பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதில் யூசர் ஸ்டோரி (பயனரின் தேவையை அவர் பார்வையில் எழுதும் சிறு குறிப்பு) இல்லை, ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவை மதிப்பிடும் எண்) இல்லை, வெலாசிட்டியும் இல்லை. குழு தினமும் கூடும் சிறு கூட்டமான டெய்லி ஸ்க்ரமில் 'நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை' என்று கேட்கும் மூன்று கேள்விகளையும் அந்தப் பதிப்பு எடுத்துவிட்டது. ஆனால் பயிற்சியாளர் ஆக வருபவர்கள் பலர் இவற்றை ஸ்க்ரம் விதி என்றே சொல்லிக்கொடுப்பார்கள், அவர்கள் கற்றது அப்படி. வகுப்பில் சொல்லும் ஒவ்வொன்றையும் இது வழிகாட்டியில் உள்ள விதி, இது துறையின் வழக்கம், இது என் அனுபவம் என்று மூன்றாகப் பிரித்துப் பழக்க வேண்டும். அவர் ஒன்றைச் சொன்னதும், 'எந்தப் பக்கம்?' என்று கேட்டால் போதும். சில வாரங்களில் அவரே தன்னைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்.

ஆனால் விதி தெரிந்தால் மட்டும் வகுப்பு நடத்த முடியாது. சென்னை வகுப்புகளில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: 'சார், எங்க கிளையன்ட் அமெரிக்காவுல. டெய்லி ஸ்க்ரம் ராத்திரி ஒன்பது மணிக்கு. மேனேஜர் ஒவ்வொருத்தர்கிட்டயும் ஸ்டேட்டஸ் கேட்பார், முக்கால் மணி நேரம் போகும். என்ன பண்றது?' டெய்லி ஸ்க்ரம் 15 நிமிடம், அது டெவலப்பர்களுக்கானது என்று விதியைச் சொல்லிவிட்டு நகர்ந்தால், கேட்டவர் மறுநாள் இரவும் அதே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். மென்டர் இங்கே காட்டித்தர வேண்டியது வேறு. கேள்வியை வகுப்புக்கே வைக்கலாம்: 'இதே நிலை எத்தனை பேருக்கு? யாராவது இதில் ஏதேனும் மாற்றிப் பார்த்தீர்களா?' யாரோ ஒருவர், மேனேஜருக்கு ஸ்டேட்டஸ் வேறு வழியில் கிடைக்கும்படி குழுவின் வேலைப் பலகையை அவருக்குத் திறந்துவிட்டதாகச் சொல்வார். இன்னொருவர், முதல் 15 நிமிடத்தைக் குழுவுக்கும் மீதியை மேனேஜருக்கும் பிரித்ததாகச் சொல்வார். பயிற்சியாளரின் பங்கு அதன் பிறகு ஒரே ஒரு கேள்வி: அந்த மேனேஜருக்கு எதில் பயம்?

மதிப்பெண், பணம், பரிந்துரை

வகுப்பு முடிவில் வாங்கும் ஃபீட்பேக் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து வந்துவிட்டால் புதியவர் பறப்பார். பறக்கட்டும், அந்த மகிழ்ச்சி தேவைதான். ஆனால் பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த நான்கு படிகளில் இது முதல் படி மட்டும்: பிடித்திருந்ததா. கற்றார்களா, வேலையில் மாற்றிச் செய்கிறார்களா, அதனால் பலன் வந்ததா என்பவை அடுத்த மூன்றும். நான் என்னிடம் வருபவர்களை, மூன்று மாதம் கழித்து வகுப்புக்கு வந்த ஐந்து பேரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வேன். 'நன்றாக இருந்தது' என்பதற்கு மேல் ஒருவர் எதுவும் சொல்லவில்லை என்றால், அந்த வகுப்பில் எங்கே கை வைக்க வேண்டும் என்று சேர்ந்து தேடலாம்.

இணையவழி வகுப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நடத்துபவருக்கு மென்டர் தனிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கலாம், ஆசையாகவும் இருக்கும். அனுப்பாதீர்கள். பேசிக்கொண்டே அதைப் படிப்பவரின் குரல் மாறிவிடும், வகுப்புக்கே தெரிந்துவிடும்.

பணம் பற்றி ஆரம்பத்திலேயே பேசிவிட வேண்டும். சேர்ந்து நடத்தும் வகுப்பின் வருமானத்தில் பங்கு உண்டா, பயணச் செலவு யாருடையது, மென்டருக்குக் கட்டணம் உண்டா என்று எல்லாமே. கற்றுக்கொள்ள வந்தவரை வருடக்கணக்கில் ஸ்டிக்கி நோட் ஒட்டவும் பதிவு மேசையில் உட்காரவும் வைத்து, 'அனுபவம்' என்று பெயர் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது சுரண்டல். இன்னொரு உண்மையையும் மென்டர் தனக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும்: இன்று கற்றுக்கொடுக்கும் ஆள் நாளை அதே ஊரில் அதே வகுப்பை நடத்தப் போகிறவர். அதை நினைத்து மனம் சுருங்கினால் மென்டராக ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே நேர்மை.

பரிந்துரைக் கடிதம்தான் எல்லாவற்றிலும் கடினம். ஓராண்டு பழகியவர் கேட்கும்போது மறுக்க வாய் வராது. ஆனால் அந்தக் கடிதம் நம்பி எழுதப்படுவது. முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் பிற்பாடு அவர் முன் வந்து உட்காரப் போகிறார்கள். இதற்கு ஒரே வழி, தயாரா இல்லையா என்பதைக் கடைசி நாள் வரை ஒளித்து வைக்காமல் ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் சொல்லிவிடுவது. 'இன்று உங்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னால் எழுத மாட்டேன், இந்த இரண்டு காரணங்களால்' என்று நான்காவது மாதத்தில் சொன்னால் வலிக்கும், ஆனால் அவருக்கு வேலை செய்ய நேரம் இருக்கும். பன்னிரண்டாவது மாதத்தில் முதன்முதலாகச் சொன்னால் அது துரோகம்.

கடைசியாக, மென்டரைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு. உங்கள் அலுவலகத்திலேயே சான்றிதழ் இல்லாத சிறு வகுப்புகளை நடத்த ஆரம்பித்துவிடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு மணி நேரம், பக்கத்து டீமுக்கு ரெட்ரோ (வேலை செய்த விதத்தைக் குழுவே திரும்பிப் பார்க்கும் கூட்டம்) நடத்துவது பற்றி அரை நாள், இப்படி. அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். பிறகு ஒரு பயிற்சியாளரின் வகுப்பில் மாணவராக உட்கார்ந்து பாருங்கள், அவர் கற்பவரை நடத்தும் விதம் பிடித்திருந்தால் மட்டும் அணுகுங்கள். 'எனக்கு மென்டராக இருப்பீர்களா?' என்று மொட்டையாகக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். நீங்கள் நடத்திய ஏதாவது ஒரு 40 நிமிடப் பகுதியின் திட்டத்தையும், அது எந்த இடத்தில் சொதப்பியது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு பக்கத்தைப் பற்றிப் பேச அரை மணி நேரம் கேளுங்கள்.